மலையேறினால் இறுகும் வளையம்

"...மலையிலே ஏறினா பிடிச்சுக்கிடுது, இறங்கினா விட்டுருது. உங்க கடை வாசலை மிதிச்சதும் நல்ல பிள்ளை ஆயிருது அண்ணாச்சி, நான்தான் பொய்யன் ஆயிடுதேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் கேமராவைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.

அண்ணாச்சி என்றது எங்கள் முதலாளியை. திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில், அரிசி மண்டிகளுக்கும் பாத்திரக் கடைகளுக்கும் நடுவே உள்ளடங்கிய ஸ்டுடியோ அவருடையது. நாஞ்சில்நாட்டுக்காரர். வாய் மிளகாய், மனசு அப்படியில்லை என்று தெரிந்துகொள்ள ஒரு வருஷமாவது அவரிடம் இருந்து பார்க்க வேண்டும். நான் பின்கட்டில் உட்கார்ந்து கேமரா, கைக்கடிகாரம் எல்லாம் பழுது பார்ப்பேன். யாரிடமும் போய்ப் படித்த வேலை இல்லை. கெட்டுப்போனதைத் திறந்து, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்து, முழித்து முழித்தே கற்றுக்கொண்டது. கை வேலையில் இருக்கும், காது கடைமுன்னே இருக்கும். சாலையில் மனுஷர்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே, சம்பளமே தராவிட்டாலும் அதைக் கேட்க நான் அங்கே உட்கார்ந்திருப்பேன்.

மகாராஜா ஆட்சி முடிந்து, திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து திருக்கொச்சி ஆகியிருந்த சமயம் அது. வந்தவர் பொன்முடி தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தா. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கப்பலேறும்போது வேண்டாத சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனாராம். சமையல்காரனுக்குப் பீங்கான், டிரைவருக்குக் கோட்டு, இவருக்கு இந்த ஜெர்மன் கேமரா. "கோட்டு கிடைச்சிருந்தா போட்டுக்கிட்டுப் பேசாம இருந்திருப்பேன்" என்றார்.

நான் எழுந்து வந்து லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுண்டுவிரலால் தள்ளினாலே போதும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று.

"சுத்துதே" என்றேன்.

"அதைத்தானே தம்பி நானும் சொல்லுதேன். இங்கே சுத்தும்."

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த வகைக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற துவாரத்தின் நடுவே மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் இருக்கும். எதிரே நிற்கிறவர் அந்தக் கட்டத்துக்குள் இரண்டு பேராகத் தெரிவார். வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்த இரண்டு பேரும் நெருங்கி வந்து ஒருவர்மேல் ஒருவர் ஏறி ஒரே ஆளாவார்கள். அப்படி ஆகிவிட்டால் படம் தெளிவு. வளையம் நகராவிட்டால் ஆள் இரண்டாகவே நிற்பார், படத்தில் புகையாக விழுவார்.

அப்படித்தான் விழுந்திருந்தது. அவர் ஏற்கெனவே எங்களிடம் கழுவக் கொடுத்திருந்த பிலிமின் படங்களை முதலாளி உறையிலிருந்து எடுத்து மேஜைமேல் பரப்பினார். எல்லாவற்றிலும் நாற்காலியில் ஒரு பெண். பின்னாலிருந்த மலைச் சரிவில் தேயிலைச் செடிகளை ஒன்றொன்றாக எண்ணலாம், அவ்வளவு சுத்தம். முன்னால் இருந்தவளுக்குக் கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. ஒரே ஒரு படத்தில் மட்டும் அவளும் தெளிவாக இருந்தாள். ஆனால் அது வெகு தூரம் பின்னால் போய் எடுத்தது. முகம் கடுகளவு.

"வேய், நீரு பொண்டாட்டியைப் படம் பிடிச்சீரா, எஸ்டேட்டைப் பிடிச்சீரா? இதைக் கொண்டுபோயி உம்ம கம்பெனிக்காரன்கிட்டக் கொடும், விளம்பரத்துக்கு ஆகும்" என்றார் முதலாளி.

குமாஸ்தா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "வளையம் தூரத்துக் கோடியிலேயே நின்னுக்கிடுது அண்ணாச்சி. பிடிச்சுத் திருகினா ஒடிஞ்சிரும்போல இருக்கு. அதான் பின்னாலே பின்னாலே போய்ப் பாத்தேன்" என்றார். பிறகு, கேட்காமலே மற்றதைச் சொன்னார்.

அவளுக்கு மார்புச் சளி நோய், அதாவது காசம். இங்கே ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று வயசில் ஒரு பெண் குழந்தை. அதை அவளுடைய அண்ணன் வந்து ஊருக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. கல்யாணத்தில் படம் எடுக்கிற வழக்கமெல்லாம் அவர்கள் பக்கம் கிடையாது. அதனால் அவள் முகம் எங்கேயும் காகிதத்தில் இல்லை. குழந்தை போவதற்குமுன் ஒரு படம் வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"'பிள்ளைக்கு நாளைக்கு யாராவது உங்கம்மா இப்படி இருப்பா, அப்படி இருப்பான்னு கையை ஆட்டிக் கதை சொல்ல வேண்டாம். இந்தான்னு காட்டுத மாதிரி இருக்கணும்'னு சொல்லுதா. வேற எதுவுமே அவ கேட்கலை."

முதலாளி படங்களை ஒன்றாக அடுக்கி உறைக்குள் போட்டார். "செரி, நான் வாறேன் வேய். பெரிய கேமராவையும் மூணுகாலையும் தூக்கிட்டு வாறேன். ஒரு நாள் போனா என் கடை முங்கிடாது" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. நீங்க வந்தீயன்னா அவ அன்னைக்கே செத்துருவா."

முதலாளிக்குப் புரிந்தது, எனக்கும் புரிந்தது. அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரன் ஒரு வீட்டுக்கு வருவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். உயிரோடு இருப்பவர்கள் கடைக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள். வர முடியாதவரை எடுக்கத்தான் நாங்கள் போவோம். நாற்காலியில் உட்கார்த்தி, தலை சாயாமல் துணியால் கட்டி, சுற்றிலும் பிள்ளைகுட்டிகளை நிறுத்தி எடுப்போம். நாங்கள் மூணுகாலைத் தோளில் வைத்துத் தெருவில் நடந்தாலே, "யாரு வீட்டிலே?" என்றுதான் கேட்பார்கள். "எங்கே போறீங்க?" என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். படுக்கையில் கிடக்கிறவள் வாசலில் முதலாளியைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? ஆக, புருஷன் கையால்தான் எடுக்க வேண்டும். அவர் கையில் இருப்பதோ இந்தக் கேமரா.

அன்றைக்கு நான் மேலோட்டமாகப் பார்த்தேன். வளையத்தின் திருகுகள், உள்ளே அதோடு சேர்ந்து அசையும் சின்னக் கை, எல்லாம் சரியாகவே இருந்தன. தோல் உறை வளையத்தை அமுக்குகிறதோ என்று உறையின் உள்பக்கத்தைக் கொஞ்சம் சீவிக் கொடுத்து அனுப்பினேன். அடுத்த வாரமே திரும்பி வந்தார். "பிடிச்சுக்கிட்டுது" என்றார்.

இந்தத் தடவை முழுக்கத் திறந்தேன். லென்ஸைச் சுமக்கிற குழாய்களில் மரை வெட்டியிருக்கும். ஒன்றுக்குள் ஒன்று சுற்றி ஏறும், இறங்கும். மரை முழுக்க மஞ்சளாக, நீர்த்துப்போன மசகு வழிந்து நின்றது. பழைய கிரீஸ் கிழடுதட்டி உருகியிருக்கிறது என்று நினைத்தேன்.

"எண்ணெய் ஏதும் விட்டீங்களா?"

"பிள்ளைமேலே ஆணையா நான் ஒண்ணும் தொடலை தம்பி."

ஆணையிடுகிறவர்களை எனக்குத் தெரியும். இவர் அந்த ரகமில்லை, உண்மையைத்தான் சொன்னார். பெட்ரோலில் எல்லாவற்றையும் கழுவி, புது கிரீஸ் தடவி, தூரத்துக் கோடியைத் தெருமுனைக் கோபுரத்தைப் பார்த்துச் சரி செய்து மாட்டினேன். இனிமேல் பிடித்தால் நான் இந்தத் தொழிலைவிட்டுப் பழக்கடை வைக்கிறேன் என்றுகூடச் சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து அவர் வந்து மேஜைக்கு முன்னால் நின்றார். கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. முதலாளி என்னைப் பார்த்து, "ஓய், வாழைக்குலை எங்கேருந்து இறக்கப் போறீரு?" என்று கேட்டார். பிறகு அவர் பக்கம் திரும்பி, இதமாகத்தான், "நீரு அந்த மலையிலே வெச்சு என்னவாக்கும் செய்யுதீரு இதை?" என்றார்.

"ஒண்ணும் செய்யலை அண்ணாச்சி. அவளை இப்பல்லாம் காலையிலே மட்டும்தான் உட்கார வைக்க முடியுது. மத்தியானம் காய்ச்சல் ஏறிருது. காலையிலே எடுத்துப் பாத்தேன், அசையலை. மச்சான் வர நாள் நெருங்கிருச்சு." என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க ஒரு நடை வந்து பாருங்க. நீங்க படம் எடுக்கிறவுக இல்லை, ரிப்பேர்காரர்தானே. அவளுக்கு ஒண்ணும் தோணாது."

முதலாளி என் சட்டைப் பையில் பஸ்ஸுக்கு ஆகிறதைத் திணித்து, "போயிட்டு வாரும். மூணுகாலைத் தொடப்பிடாது. நல்ல வேட்டி கட்டிட்டுப் போகப்பிடாது. சந்தைக்குப் போறவன் மாதிரி போணும்" என்றார்.

அவரோடேயே கிளம்பினேன். நெடுமங்காடு வழியாக விதுரை வரை பஸ். அதற்குமேல் தோட்டத்து லாரிதான். கேமராவை உறையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வண்டி நின்ற இடத்திலெல்லாம் வளையத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனேன். நெடுமங்காட்டில் சுற்றிற்று. விதுரையில் சுற்றிற்று. கல்லாற்றங்கரையில் சாயா குடிக்க நின்றபோதும் சுற்றிற்று. கொண்டை ஊசி வளைவுகளில் லாரி முக்கி முக்கி ஏற ஆரம்பித்ததும், ஒரு திருப்பத்தில் விரலுக்குக் கொஞ்சம் கனம் தெரிந்தது. அதற்கு மேலே இன்னும் கனம். காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. மேலே போய் இறங்கியபோது வளையம் கல்.

"பாத்தீயளா" என்றார் அவர். அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்ததென்றால் நம்புவீர்களா? தன்னைப் பொய்யன் இல்லை என்று சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டானே.

கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குச் சற்று மேலே, தகரக் கூரை போட்ட ஒற்றை வீடு. உள்ளே ஒரே அறை. மூலையில் அடுப்பு, சுவரோரம் கட்டில். குழந்தை பக்கத்து லயத்தில் ஒரு கங்காணியின் மனைவியிடம் இருந்தது. நாங்கள் போனபோது அது வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு செருப்பைக் காலில் மாட்டி மாட்டி உள்ளே காட்டிக்கொண்டிருந்தது. படியைத் தாண்டக்கூடாது என்று அதற்குச் சொல்லியிருந்தார்கள். அது தாண்டவில்லை. அந்த வயசுக் குழந்தை சொன்ன பேச்சைக் கேட்பதைப் பார்க்க எனக்கு நன்றாக இல்லை.

கட்டிலில் கம்பளிக்குள் இருந்தவள் என்னைத்தான் பார்த்தாள். முகத்தை அல்ல, கைகளை. கையில் என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்று.

"இவுக யாரு?"

"சாலையிலே கேமரா ரிப்பேர் பண்ணுதவுக. சொன்னேன்லா."

"வாங்கண்ணே" என்றாள். பேச்சு மூச்சுக்கு நடுவே நடுவேதான் வந்தது, ஆனால் பேசக் கூச்சப்படுகிறவள் இல்லை. "என்னை விட்டுட்டு மலையைப் பிடிக்கிற கேமராவை நீங்கதான் நல்லாக்கி நல்லாக்கிக் கொடுக்கீயளா? மலைக்கு என்ன அவசரம், அது இங்கேயேதானே கிடக்கும்."

"அதுக்கு உங்களைக் கண்டா வெட்கமோ என்னமோ" என்றேன்.

"வெட்கப்படுத மாதிரிதான் இருக்கேன்."

சாயங்காலமாகிக்கொண்டிருந்தது. நான் அடுப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து வளையத்தை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவளுக்குத் தலை வாரிவிட உட்கார்ந்தார். தினமும் அவர்தான் வாரிவிடுவாராம். மாடத்திலிருந்து தேங்காயெண்ணெய்க் குப்பியை எடுத்துக் கவிழ்த்தார். சொட்டுக்கூட விழவில்லை. உள்ளே எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து மெழுகாகக் கிடந்தது. அவர் அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை. அடுப்போரம் வைத்துவிட்டு, சுள்ளி எடுக்க வெளியே போனார்.

நான் குப்பியைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அதன் ஓரம் கண்ணாடிபோல் தெளிந்து, வெள்ளைக் கட்டி நடுவே வழுக்கி நகர்ந்தது. கையிலிருந்த கேமராவை மூக்கருகே கொண்டுபோனேன். லேசாகக் காறல் வாசனை. இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஏம்மா, இதிலே தேங்காயெண்ணெய் ஏதும் பட்டுச்சோ?"

"பட்டுச்சாவா? நான்தான் விடுதேனே" என்றாள், பெருமையாகவே. "முதல்லே கொஞ்சம் இறுக்கமா இருக்குன்னு இவுக சொன்னாக. தையல் மிஷினுக்கு, கதவுக்கு எல்லாத்துக்கும் நான்தானே விடுவேன். சூடாக்கி, கோழி இறகாலே தொட்டுச் சுத்திலும் விட்டேன். இவுக ஆபீஸுக்குப் போயிருந்தாக. அதுக்குப் பிறகு நீங்க நல்லாக்கிக் கொடுத்துவிட்டதும், மறுபடி கெட்டுறக் கூடாதேன்னு கட்டிலைப் பிடிச்சுக்கிட்டே போயி..."

அங்கே நிறுத்திவிட்டாள். நான் சொல்ல வேண்டியதே இல்லை. அவள் கண் என்னிடமிருந்து அடுப்போரக் குப்பிக்குப் போயிற்று. பாதி தண்ணீர், பாதி கட்டி. ஊரில் இளகுவது மலையில் உறையும் என்று அவளுக்கு நான் யார் சொல்லித் தர? முன்பெல்லாம் தினமும் தலைக்குத் தடவ அதைச் சூடாக்கிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"ஆவணியிலே மூஞ்சியிலே கொஞ்சம் சதை இருந்துச்சுண்ணே" என்றாள் மெதுவாக. "அந்தப் படமெல்லாம் நான் கெடுத்ததா?"

வாசலில் சுள்ளிக்கட்டோடு அவர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. உள்ளே வந்து சுள்ளியை இறக்கிவிட்டு என்னிடம்தான் பேசினார். "அவ விட்டது எந்த மூலைக்கு தம்பி. நான்தான் விட்டேன். கை நிறைய விட்டேன். கடையிலே அண்ணாச்சி முன்னாலே சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"நீங்க அந்த இறகைத் தொட்டதே கிடையாது" என்றாள் அவள்.

"குப்பியோட கவுத்தேன்."

"பொய் சொல்லும்போது உங்களுக்குக் காது அசையும். கல்யாணத்தன்னைக்கே பாத்தேன்."

அவர் தன்னையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்தார். அவள் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. அவர் பிடித்துக்கொண்டார். வாசற்படியில் குழந்தை செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றது. கங்காணியின் மனைவி வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இருமல் அடங்கியபின் நான் சொன்னேன்: இங்கே வைத்துத் திறக்க முடியாது, அடுப்புப் புகையும் தூசியும் உள்ளே போனால் உள்ளதும் போய்விடும். கீழே கொண்டுபோய்க் கழுவி, புது கிரீஸ் போட்டு, ஒரு வாரத்தில் அனுப்புகிறேன்.

"அத்தனை நாள் எனக்கு வேண்டாம்" என்றாள். யாருக்கோ காப்பி வேண்டாம் என்பதுபோலச் சொன்னாள். "சூடாக்கினா சுத்துமா?"

சுற்றும் என்றேன். ஆனால் அடுப்போரம் வைக்க முடியாது, உள்ளே பிலிம் இருக்கிறது, சூடு கூடினால் பாழாகிவிடும். பதமாக, மெதுவாக, ராத்திரி முழுக்க இருக்க வேண்டும்.

"அப்போ இங்கே கொடுங்க. எனக்குத்தான் காய்ச்சல் இருக்கே. அதுவும் ஒரு காரியத்துக்கு ஆகட்டும்."

அவர் வேண்டாம் என்றார். அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். துணியில் சுற்றிக் கொடுத்தேன். கம்பளிக்குள் மார்போடு வைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். குழந்தையை அவள் தொட்டு மாசக்கணக்காகியிருந்தது.

மறுநாள் காலையில் பனி விலகியதும் வெளியே நாற்காலி போட்டார்கள். அவர் அவளுக்குத் தலை வாரி, பின்னி, பொட்டு வைத்துவிட்டார். பொட்டு கோணல். அதை அழித்துத் திரும்ப வைத்தார். அதுவும் கோணல்தான், அவள் போதும் என்றுவிட்டாள். அவரே தூக்கிக்கொண்டு வந்து உட்காரவைத்தார். தூக்கியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். கனமில்லாததைத் தூக்கும்போது மனுஷனுக்கு வருகிற முகம் அது.

"என்கிட்டே இருக்கிற வரைக்கும்தான் சூடு. வெளியே எடுத்ததும் வேகமா எடுக்கணும். உங்க ஆபீஸ் வேலை மாதிரி பாக்கக் கூடாது" என்றாள். கம்பளிக்குள்ளிருந்து கேமராவை எடுத்துக் கொடுத்தாள். நான் வாங்கி வளையத்தைத் தொட்டேன். சுற்றிற்று. அதன் உலோகத்தில் இருந்த சூட்டை இப்போது நினைத்தாலும் என் விரலுக்குத் தெரிகிறது.

அவர் அவள் முன்னால் ஈரப் புல்லில் மண்டி போட்டார். துவாரத்தில் கண் வைத்துத் திருப்பினார். "ரெண்டா இருக்கே... ரெண்டா இருக்கே... வாறே, வாறே..." என்று சொல்லிக்கொண்டே திருப்பினார். சட்டென்று பேச்சு நின்றது. ஒன்றாகிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். அவர் அழுத்தவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சூடு ஆறுது" என்றாள் அவள்.

அழுத்தினார். கங்காணியின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். அதற்கப்புறம் நாற்காலியில் இருந்தவள் கேமராவைப் பார்க்கவில்லை, அவர் தோளுக்குச் சற்று மேலே பார்த்தாள். அப்படியே சிலது எடுத்தார்.

படம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. முதலாளியே கையால் கழுவினார், எனக்குக்கூடக் கொடுக்கவில்லை. கோணல் பொட்டு, ஒட்டிய கன்னம், கன்னத்து எலும்பின் நிழல், எல்லாம் தெளிவாக வந்திருந்தன. கண் மட்டும் நோயாளியின் கண்ணாக இல்லை. பிரதியை மலைக்கு அனுப்புவதற்குள் அவள் போய்விட்டாள். மச்சான் வந்து குழந்தையை அழைத்துப் போனபோது, டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே அதை வைத்துக் கொடுத்ததாகக் குமாஸ்தா சொல்லிவிட்டிருந்தார். ஸ்டுடியோவுக்கு ஆள் வரவில்லை, நாங்கள் போகவும் இல்லை. இதெல்லாம் பிறகு நடந்தவை. நான் சொல்ல வந்தது அந்தக் காலையைத்தான்.

அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. போதும், உள்ளே போகலாம் என்று அவர் எழுந்தார். கேமராவின் மேலிருந்த எண்ணைப் பார்த்து நான்தான் சொன்னேன், "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அதையும் எடுத்துட்டா பிலிமைச் சுத்திடலாம்."

அவள் நாற்காலியின் முதுகில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அது இருக்கட்டும். அப்புறம் வேணும்லா. அதுக்குன்னு சாலைக்கு ஆள் விட்டு, அந்த அண்ணாச்சி மூணுகாலைத் தூக்கிக்கிட்டு மலையேறி வரணுமாக்கும்?" உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. "நீங்களே எடுத்துருங்க. என்ன, அன்னைக்கு எண்ணெய் உறையாம நீங்கதான் சூடாக்கணும்."

கங்காணியின் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு சட்டென்று லயத்துப் பக்கம் நடந்தாள். நான் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, அப்படியே நில்லுங்க" என்றார். ராத்திரி அவர் கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தலைகூட வாராமல் நான் நின்றேன். கேமராவைக் கண்ணில் வைத்தார். வளையம் அதற்குள் இறுகத் தொடங்கியிருந்தது. இரண்டு விரல் வைத்து, பிறகு நாலு விரல் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு என்னை ஒன்றாக்கும் வரை திருப்பினார். அழுத்தினார். பிறகு குமிழைப் பிடித்துப் பிலிம் முழுவதையும் உள்ளே சுற்றி, மூடியைத் திறந்து, உருளையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கி மூடினார்.